பேசாத வாத்தியாரும் பேசிக் கெடுத்த வாத்தியார்களும்

மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு சேரும் பிள்ளைகளுக்கு அனாட்டமி வகுப்பில் இரண்டு வாத்தியார்கள். ஒருவர் நின்றுகொண்டு பேசுவார். சம்பளம் உண்டு, பெயருக்குப் பின்னால் ஒரு முழ நீளத்துக்குப் பட்டங்களும் உண்டு. இன்னொருவர் ஃபார்மலின் வாடையோடு மேஜையில் மல்லாந்து கிடப்பார். சம்பளமும் இல்லை, பெயரும் இல்லை. இந்தப் பாடம் உலகத்தில் நடந்த லட்சணத்தைப் புரட்டிப் பார்த்தால் ஒன்று தெரியும். நின்றவர் நிறையத் தப்பாய்ச் சொல்லியிருக்கிறார். கிடந்தவர் ஒருநாளும் தப்பாய்ச் சொன்னதில்லை. ஆனாலும் சுமார் 1,300 ஆண்டுகள் கிடந்தவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பழியை முதலில் கேலன் தலையில் போடலாம், தாங்கக்கூடிய தலைதான். கி.பி. 129-ல், இன்றைய துருக்கியில் உள்ள பெர்கமோனில் பிறந்தவர். அப்பா கட்டடக் கலைஞர். வைத்தியக் கடவுள் அவர் கனவில் வந்து, மகனை மருத்துவம் படிக்க வை என்று சொன்னாராம். பிள்ளையை டாக்டராக்கும் கனவு அப்பாக்களுக்கு அன்றைக்கே இருந்திருக்கிறது. கேலனும் படித்தார். ஊரில் வாள்வீரர்களுக்கு வைத்தியம் பார்த்தார். வெட்டுக்காயத்தின் வழியே உள்ளே எட்டிப் பார்க்க வாய்ப்பு. பிறகு ரோமாபுரிக்குப் போய்ச் சக்கரவர்த்திகளுக்கே மருத்துவர் ஆனார்.

ஆள் சாமர்த்தியசாலி, அதை மறுப்பதற்கில்லை. ஒரு பன்றியைக் கட்டிப்போட்டு, அது ஊரே கேட்கக் கத்திக்கொண்டிருக்கும்போது தொண்டையருகே ஒரு நரம்பை மட்டும் நறுக்குவார். பன்றி உதறும், துடிக்கும், சத்தம் மட்டும் வராது. கூட்டம் வாயடைத்துப் போகும். குரல் எந்த நரம்பால் இயங்குகிறது என்று நிரூபித்த அபாரமான சோதனை அது. சிக்கல் என்னவென்றால், ரோமில் மனித உடலை அறுக்க அனுமதி இல்லை. ஆகவே குரங்கு, பன்றி, மாடு என்று கிடைத்ததையெல்லாம் அறுத்தார். கண்டதை மனிதனுக்கும் எழுதிவைத்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது நம் ஊர்க் கதை. கேலன் குரங்கைப் பிடித்து மனிதன் என்று முடித்தார்.

அதன்படி மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்பு ஆனது. மார்பெலும்பு ஏழு துண்டு ஆனது. மூளைக்கு அடியில் ஆடுமாடுகளுக்கு இருக்கும் ரத்தநாள வலைப்பின்னல் நமக்கும் இலவசமாக வழங்கப்பட்டது. இதயத்தின் இரு பக்கங்களுக்கும் இடையே உள்ள சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக ரத்தம் கசிகிறது என்றார். கண்ணுக்குத் தெரியாதது என்று சொல்லிவிட்டால் யார் போய் மறுப்பது?

அடுத்து இத்தாலி. பொலோன்யாவில் மோந்தினோ என்பவர் 1315-ல் மாணவர் கூட்டத்துக்கு முன்னால் மனித உடலை அறுத்துக் காட்டினார். மறு ஆண்டு ஒரு கையேடும் எழுதினார். இருநூறு வருஷம் ஓடிய கையேடு. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலம், எனவே பாடத்திட்டத்தை வகுத்தது அழுகல்தான். சீக்கிரம் கெடுகிற வயிறு முதலில். அப்புறம் நெஞ்சு, தலை, கடைசியாகக் கைகால். நான்கு நாளில் சிலபஸ் முடிந்தாக வேண்டும். முடிக்காவிட்டால் மாணவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தாங்களே முடித்துவிடுவார்கள்.

மோந்தினோ தாமே கத்தி பிடித்தார் என்கிறார்கள். அவருக்குப் பின் வந்த பேராசிரியப் பெருமக்களுக்கு அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. அந்தக் காலத்து வகுப்பறையைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். உயரமான மரப்பீடத்தில் அங்கி தரித்த பேராசிரியர். அவர் பார்வை புத்தகத்தை விட்டு இறங்காது. கேலன் சரக்கை லத்தீனில் வாசிப்பார். கீழே மேஜையில் உடல். அதை அறுப்பவர் நாவிதர்; அவருக்கு லத்தீன் தெரியாது. நடுவில் குச்சியோடு ஒருவர். பேராசிரியர் எதைச் சொல்கிறாரோ அதைக் குச்சியால் தொட்டுக் காட்டுவது அவர் உத்தியோகம். மேலே இருப்பவர் “கல்லீரலுக்கு ஐந்து மடல்” என்று படிக்க, கீழே இருப்பவர் அப்படியெல்லாம் எதுவும் இல்லாத ஒன்றைத் தூக்கிக் காட்டுவார். குச்சிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து இடத்தில் தொடுவார் போலிருக்கிறது. மாணவர்கள் ஐந்து என்று எழுதிக்கொள்வார்கள். உடலும் நூலும் ஒத்துப்போகாவிட்டால் குற்றவாளி உடல்தான். ஏற்கெனவே தூக்கில் தொங்கிய ஆள், இன்னொரு குற்றம் சேர்வதில் என்ன வந்தது?

இந்த நாடகத்தைக் கலைக்க பிரஸ்ஸல்ஸில் 1514-ல் ஒரு பிள்ளை பிறந்தது. ஆந்த்ரேயாஸ் வெசாலியஸ். பாரிஸில் சில்வியஸ் என்ற கேலன் பக்தரிடம் படித்துவிட்டு 1536-ல் லூவேன் நகருக்குத் திரும்பியவர், ஊருக்கு வெளியே தூக்குமரங்கள் இருந்த பக்கம் நண்பரோடு உலாவப் போனார். நண்பர் கெம்மா ஃப்ரிசியஸ், கணிதத்திலும் நிலப்படம் வரைவதிலும் பேர்போனவர். அங்கே ஒரு கொள்ளைக்காரனின் எலும்புக்கூடு தொங்கிக்கொண்டிருந்தது. சதையைப் பறவைகள் சுத்தமாகத் தின்று முடித்திருந்தன; எலும்புகளைத் தசைநார்கள் மட்டும் பிடித்து வைத்திருந்தன. கண்காட்சிச் சாலை போட்டதுபோல அவ்வளவு நேர்த்தி. கெம்மா முட்டுக்கொடுக்க, வெசாலியஸ் மரத்தில் ஏறினார். கைகால்களைக் கழற்றி வீட்டுக்குக் கடத்தினார். தலையும் உடம்பும் சங்கிலியில் மாட்டியிருந்தன. அன்று மாலை ஊர்க்கதவு சாத்தும்போது வேண்டுமென்றே வெளியே தங்கி, நள்ளிரவில் மறுபடி ஏறி, மிச்சத்தையும் இழுத்துப் போட்டார். ஏது இந்த எலும்புக்கூடு என்று கேட்டவர்களுக்கு, பாரிஸிலிருந்து கொண்டுவந்தது என்று பதில். ஃபாரின் சரக்கு என்றால் அன்றைக்கும் யாரும் மேலே கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு பதுவாவில் பட்டம் வாங்கினார். மறுநாளே அங்கே பேராசிரியர் வேலை. முனைவர் பட்டம் முடித்துவிட்டுக் கௌரவ விரிவுரையாளராகப் பத்து வருஷம் ஓட்டியவர்கள் இந்த வரியைப் படிக்காமல் தாண்டிவிடலாம்.

வெசாலியஸ் செய்த புரட்சி மிகச் சாதாரணமானது: பீடத்திலிருந்து இறங்கினார், நாவிதரை நகரச் சொன்னார், கத்தியைத் தாமே வாங்கிக்கொண்டார். 1540-ல் பொலோன்யாவில் கோர்த்தி என்ற மூத்த பேராசிரியர் உரையாற்ற, இவர் அறுத்துக் காட்டுவதாக ஏற்பாடு. அவர் கேலன் சொன்னதைச் சொல்ல, இவர் மேஜையில் இருப்பதைச் சொல்ல, மாணவர்கள் முன்னாலேயே இருவருக்கும் வாய்த் தகராறு. உட்கார்ந்து குறிப்பெடுத்த ஒரு மாணவர் சண்டையையும் சேர்த்து எழுதிவைத்ததால் நமக்கு விஷயம் தெரிகிறது. பாடத்தை விட வாத்தியார் சண்டையைக் கவனமாகக் கேட்பது மாணவர் குலத்தின் பொதுப்பண்பு. அங்கேதான் வெசாலியஸ் மனித எலும்புக்கூட்டையும் குரங்கின் எலும்புக்கூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். கேலன் சொன்னது எதற்குப் பொருந்துகிறது என்று பார்க்கக் கண் இருந்தால் போதும்.

1543-ல் பாசல் நகரில் அவருடைய பெரிய நூல் அச்சானது. மனித உடலின் கட்டமைப்பு பற்றி ஏழு பாகம், பிரமாதமான மரச்செதுக்குப் படங்கள். அப்போது அவருக்கு வயது 28. முகப்புப் படத்தைப் பார்த்தாலே ஆளின் குறும்பு தெரியும். நடுவில் திறந்த உடல். பக்கத்திலேயே கை வைத்தபடி வெசாலியஸ். கத்தி பிடித்த நாவிதர்களை மேஜைக்கு அடியில் தள்ளியாயிற்று, அங்கே உட்கார்ந்து தங்களுக்குள் சண்டை போடுகிறார்கள். ஓரத்தில் ஒரு குரங்கு, ஒரு நாய். கேலனின் ஆதாரங்களுக்கும் ஓர் இடம் கொடுத்த பெருந்தன்மை.

பழைய குரு சில்வியஸ் கொதித்துப் போனார். வெசாலியஸ் என்ற பெயரைப் பைத்தியக்காரன் என்று பொருள் வரும்படி திரித்து ஏசினார். கேலன் சொன்னதற்கும் கண்ணால் காண்பதற்கும் ஏன் பொருத்தமில்லை என்ற கேள்விக்கு அவரிடம் ஒரு விளக்கம் இருந்தது: கேலன் தப்பே செய்யவில்லை, அவர் காலத்துக்குப் பிறகு மனித உடம்புதான் சீரழிந்துவிட்டது! தொடையெலும்பு வளைந்தது என்று கேலன் எழுதியிருக்கிறார், நேராக அல்லவா இருக்கிறது? ஜனங்கள் இறுக்கமான கால்சராய் போட்டுப் போட்டு எலும்பு நிமிர்ந்துவிட்டது என்றார். அந்தக் கணக்குப்படி, தலைமுறை தலைமுறையாக வேட்டி கட்டிய நமக்கெல்லாம் தொடையெலும்பு வில்லாக வளைந்திருக்க வேண்டும்.

வெசாலியஸும் சறுக்கினார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். வலது சிறுநீரகத்தை இடதுக்கு மேலே வரைந்தார். நமக்கு அது சற்றுக் கீழேதான். கேலனின் ஆவி அந்த ஒரு படத்திலாவது சிரித்திருக்கும்.

பதுவாவில் 1590-களில் கட்டிய அனாட்டமி அரங்கம் இன்றும் அப்படியே இருக்கிறது. ஆறு வளையமாக மேலே மேலே ஏறும் மரக்கட்டைப் படிகள், உட்கார இடமே கிடையாது, நின்றுகொண்டுதான் பார்க்க வேண்டும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது மாதிரி. வில்லியம் ஹார்வி இங்கே படித்துவிட்டுப் போய்த்தான் 1628-ல் ரத்த ஓட்டத்தை எழுதி, கேலனின் கண்ணுக்குத் தெரியாத துளைகளை அடைத்தார்.

இதுவரை வந்தது வாத்தியார்களின் கூத்து. இனி வருவது கடை, கிராக்கி, கொள்முதல்.

இங்கிலாந்தில் 1540-ல் எட்டாம் ஹென்றி நாவித–அறுவை வைத்தியர் சங்கத்துக்கு ஆண்டுக்கு நான்கு உடல்களை அனுமதித்தார், எல்லாம் தூக்கிலிடப்பட்டவர்கள். 1752-ல் கொலைகாரர்கள் அனைவரையும் அறுக்கலாம் என்று சட்டம் வந்தது. மருத்துவப் பள்ளிகள் பெருகிய வேகத்துக்குக் கொலைகாரர்கள் பெருகவில்லை. ஒரு நாட்டில் ஒழுக்கம் கூடினால் கல்வி பாதிக்கப்படும் என்ற விசித்திர நிலைமை. எனவே ராத்திரியில் கல்லறையைத் தோண்டும் தொழில் தழைத்தது. சட்டமும் ஒத்துழைத்தது: பிணம் யாருடைய சொத்தும் அல்ல, ஆகவே அதை எடுத்தால் சின்னக் குற்றம். ஆனால் பிணத்தைச் சுற்றிய துணி சொத்து. அதை எடுத்தால் பெரிய திருட்டு. தோண்டியவர்கள் சட்டத்தை மதித்துத் துணியை அவிழ்த்துக் குழிக்குள்ளேயே போட்டுவிட்டு, உடலை மட்டும் சாக்கில் கட்டினார்கள். சொந்தக்காரர்கள் கல்லறைக்கு இரும்புக்கூண்டு பூட்டினார்கள், காவல் கோபுரம் கட்டினார்கள்.

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் அனாட்டமி நாற்காலி ஒரு குடும்பச் சொத்து. தாத்தா, மகன், பேரன் மூவர் பெயரும் அலெக்சாண்டர் மன்றோ. 1720 முதல் 1846 வரை 126 ஆண்டுகள் ஒரே வீட்டார். வாரிசு அரசியலை நாம்தான் கண்டுபிடித்தோம் என்று பெருமைப்பட வழியில்லை. மூன்றாம் மன்றோ தாத்தாவின் குறிப்பேட்டை அப்படியே வாசிப்பாராம். “1719-ல் நான் லைடனில் மாணவனாக இருந்தபோது” என்ற வரியையும் சேர்த்து, நூறாண்டு கழித்து. அங்கே மருத்துவம் படிக்க வந்த சார்லஸ் டார்வின், இவர் பாடம் இவரைப் போலவே மந்தம் என்ற பொருளில் எழுதிவைத்திருக்கிறார். டார்வின் மருத்துவத்தை விட்டு ஓடியதில் மன்றோவுக்கும் பங்கு உண்டென்றால், பரிணாமக் கொள்கைக்கு அவர் ஆற்றிய தொண்டு பெரிது.

பல்கலைக்கழகத்தில் தூக்கம் வந்தால் மாணவர்கள் எங்கே போவார்கள்? டியூஷனுக்கு. வெளியே தனிப்பயிற்சி நடத்திய ராபர்ட் நாக்ஸ் வகுப்பில் நானூறு, ஐந்நூறு பேர். ஒரு கண் பெரியம்மையில் போனவர், உடை மட்டும் படு மிடுக்கு. பாடத்துக்குப் புத்தம்புதிய உடல்கள் உண்டு என்பதுதான் அவருடைய விளம்பரம். 1827 முடிவில் வில்லியம் ஹேர் என்பவரின் விடுதியில் ஒரு கிழட்டு ஓய்வூதியச் சிப்பாய், நான்கு பவுண்டு வாடகை பாக்கி வைத்துவிட்டு, இயல்பாகவே செத்துப்போனார். ஹேரும் நண்பர் பர்க்கும் பெட்டியில் மரப்பட்டையை நிரப்பி அடக்கம் செய்ய அனுப்பிவிட்டு, பெரியவரைச் சாக்கில் சுமந்து போனார்கள். தேடிப் போனது மன்றோவை. வழி கேட்டபோது ஒரு மாணவர் நாக்ஸ் இடத்தைக் காட்டிவிட்டார். கிடைத்த தொகை ஏழரைப் பவுண்டு. ஏழரை அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

சாவுக்காகக் காத்திருப்பானேன் என்று தோன்றியது இருவருக்கும். சுமார் பத்து மாதத்தில் 16 பேர். சாராயம் ஊற்றிக் கொடுத்து, மூக்கையும் வாயையும் பொத்தி, காயமே இருக்காது. சரக்கு ஏன் இவ்வளவு புதுசாக இருக்கிறது என்று நாக்ஸ் கேட்கவில்லை. விலை மட்டும் பத்துப் பவுண்டு வரை ஏறியது. தெருவில் எல்லோருக்கும் பழக்கமான ஜேமி என்ற வெறுங்கால் வாலிபன் மேஜைக்கு வந்தபோது சில மாணவர்களுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அவன் இல்லை என்று நாக்ஸ் சாதித்தார். தலையும், ஊனமான அந்தப் பாதமும் சீக்கிரமே அகற்றப்பட்டன. இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. படித்த மனிதர் ஒருவர் கண் இருந்தும் பார்க்க மறுத்தது இரண்டாம் முறை அல்லவா. கேலனுக்காவது அனுமதி இல்லை என்ற சாக்கு இருந்தது.

மாட்டிக்கொண்டதும் ஹேர் அப்ரூவராகித் தப்பினார். நாக்ஸ் மீது வழக்கே இல்லை. பர்க் 1829 ஜனவரி 28-ல் தூக்கில் தொங்கினார். தீர்ப்புப்படி உடல் அனாட்டமி மேஜைக்குப் போனது. அறுத்தவர் யார்? மூன்றாம் மன்றோ. முதலில் கைதவறிப் போன சரக்கு கடைசியில் இலவசமாகவே வந்து சேர்ந்தது. தாத்தா குறிப்பேட்டில் இல்லாத பாடம் என்பதால் அன்று டிக்கெட்டுக்கு அடிதடி. பர்க்கின் எலும்புக்கூடு இன்றும் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் அனாட்டமி அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

1832-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் பிணத் திருட்டை ஒழித்தது. எப்படி? கேட்பாரற்று ஏழை விடுதிகளில் சாகிறவர்களைச் சட்டப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிவிட்டார்கள். கொலைகாரனுக்கு விதித்த தண்டனை வறுமைக்கு மாற்றலாகி வந்தது. பணக்காரர்களில் தாமாக முன்வந்த ஒருவரையும் சொல்ல வேண்டும்: அதே ஆண்டு இறந்த தத்துவவாதி ஜெரமி பெந்தம். தம் உடலை நண்பர்கள் முன்னிலையில் அறுத்துப் பாடம் சொல்லச் சொல்லி உயில். மிச்சத்தை உடை உடுத்தி உட்கார வைக்கச் சொன்னார். லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் இன்னமும் உட்கார்ந்திருக்கிறார். தலையைப் பதப்படுத்தியது மட்டும் கோரமாகிவிட்டதால் மெழுகுத் தலை.

அமெரிக்காவில் இந்த வியாபாரம் ஜனாதிபதி வீட்டையே தொட்டது. 1878-ல் ஓஹையோவில் ஜான் ஸ்காட் ஹாரிசன் இறந்தார். அவர் ஒரு ஜனாதிபதியின் மகன், பின்னால் ஜனாதிபதியான இன்னொருவரின் அப்பா. அடக்கத்தன்று பக்கத்துக் கல்லறையிலிருந்த இளைஞனின் உடல் களவு போயிருப்பது தெரிந்தது. அதைத் தேடிச் சின்சினாட்டி மருத்துவக் கல்லூரிக்குப் போன ஹாரிசனின் பிள்ளை ஒருவர், கயிற்றில் தொங்கிய உடலின் முகத்துணியை விலக்கினால், முந்தைய நாள் புதைத்த சொந்த அப்பா.

நம் பக்கம் சுசுருதர் எப்போதோ வழி சொல்லியிருந்தார். உடலைப் புல்லால் சுற்றிக் கூண்டில் வைத்து ஓடும் நீரில் ஏழு இரவு ஊறவைத்து, வெட்டிவேர் போன்றவற்றால் செய்த தூரிகையால் மெதுவாகத் தேய்த்து அடுக்கடுக்காகப் பார்க்க வேண்டும். கத்தி தொடாமல் தீட்டைச் சமாளிக்கும் உபாயம். பின்னால் வந்தவர்களோ தூரிகையையும் தொடவில்லை. 1836-ல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா என்ற ஆயுர்வேத பண்டிதர் கத்தியை எடுத்தபோது வில்லியம் கோட்டையில் பீரங்கி முழங்கியது என்பார்கள். முழங்கியதோ இல்லையோ, அதன்பின் கல்கத்தா வேறொரு விதத்தில் உலகத்துக்கே அனாட்டமி சொல்லிக் கொடுத்தது. 1985-ல் இந்திய அரசு தடை போடும் வரை, வெளிநாட்டு மருத்துவ மாணவர்கள் கையில் எடுத்துப் படித்த எலும்புகளில் பெரும்பகுதி இங்கிருந்து கப்பலேறியவை. விசா இல்லை, பாஸ்போர்ட் இல்லை. நம் ஏழைகள் லண்டனிலும் சிகாகோவிலும் பேராசிரியர்களாக இருந்தார்கள்.

உலகம் முழுக்க மாணவர்கள் தலையணையாக வைத்துத் தூங்கும் கிரே புத்தகத்தின் கதையையும் கேளுங்கள். 1858-ல் வந்தது. எழுதியவர் ஹென்றி கிரே. படங்கள் முழுவதும் ஹென்றி கார்ட்டர். புத்தகம் நின்றதே படங்களால்தான். கிரேவுக்கு ஆயிரம் பிரதிக்கு 150 பவுண்டு ராயல்டி. கார்ட்டருக்கு மொத்தமே 150. முகப்பில் கார்ட்டர் பெயரைச் சின்ன எழுத்தில் போடச் சொல்லி அச்சுப்படியில் திருத்தினார் கிரே. கார்ட்டர் புத்தகம் வெளிவரும் முன்பே கப்பலேறிப் பம்பாய் வந்து, கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் அனாட்டமி நடத்தினார். மதுரையின் பெயரால் அழைக்கப்பட்ட பாத நோய் ஒரு பூஞ்சையால் வருவது என்று எழுதியவரும் அவரே. மூன்றே ஆண்டில் கிரே பெரியம்மையில் இறந்தார், வயது 34. ஆனாலும் புத்தகத்துக்குப் பெயர் கிரேதான்.

அந்தக் கிரேயைத் தமிழில் பேச வைத்தவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். 1847-ல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர். தாம் தமிழ் கற்று, மாணவர்களையும் கூட்டிக்கொண்டு ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, 1860-களில் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே நடத்தினார். ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற அனாட்டமி நூல் அப்படி வந்ததுதான். எதிர்ப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? மாணவர்களிடமிருந்து. தமிழில் படித்தால் அரசாங்க உத்தியோகம் கிடைக்குமா என்று கேட்டார்கள். பாஸ்டன் பக்கத்து ஆள் தமிழில்தான் நடத்துவேன் என்று பிடிவாதம் பிடிக்க, யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் இங்கிலீஷ்தான் வேணும் என்று நின்றார்கள். இந்தச் சண்டை முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் கை தூக்கலாம்.

இப்போது கணினித் திரையில் உடலை விரலால் உரிக்கலாம். பிளாஸ்டிக் ஏற்றிய உடல்கள் வாடையில்லாமல் நிற்கின்றன. தாய்லாந்து மாணவர்கள் மேஜையில் கிடப்பவரைப் பெரிய ஆசான் என்றே அழைத்து, வகுப்பு தொடங்குமுன் வணங்கி, முடிந்தபின் முறைப்படி தகனமும் செய்கிறார்கள். வாத்தியார் யார் என்பதைப் புரிந்துகொண்ட ஊர்.

நம் ஊரிலும் உடற்கொடை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நீட் எழுதாமல் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்க வேறு மார்க்கம் இல்லை. விருப்பமுள்ளவர்கள் அரசு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் படிவம் வாங்கிக் கையெழுத்துப் போடலாம். கண்ணை முன்னதாகத் தனியே கொடுக்கலாம். போஸ்ட்மார்ட்டம் ஆன உடலைப் பொதுவாக ஏற்பதில்லை. முக்கியமான ஒன்று: படிவத்தை பீரோவில் பூட்டி வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிடாதீர்கள். கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டியது வீட்டார்தான், அவர்கள் சம்மதிக்காவிட்டால் கல்லூரி வாங்காது. இன்றைக்கே சாப்பாட்டு நேரத்தில் சொல்லி வையுங்கள். சாப்பிட்டு முடித்த பிறகு.